மாத்தளை மலைவழியிலே

பயணம் இருவகைப்படும். வண்டியின் சாளரத்தருகே அமர்ந்து, ஓடி மறையும் காட்சிகளைக் கண்ணால் மட்டும் தொட்டுச் செல்வது ஒன்று. காலால் மண்ணை மிதித்து, மேடேறி மூச்சு வாங்கி, மழையில் நனைந்து, வழியிற் கண்டவரோடு இரண்டு வார்த்தை பேசி, மாலையிலே களைப்போடும் களிப்போடும் வீடு திரும்புவது மற்றொன்று. முன்னையது கண்ணுக்கு விருந்து. பின்னையது உடலுக்கும் உள்ளத்துக்கும் பயிற்சி. ‘சாகசப் பயணம்’ என்ற பெயரிலே இன்று இளைஞர் உலகம் நாடி நிற்பது இந்த இரண்டாம் வகையையே.

ஆற்றிலே மிதக்கவும், குகைகளில் நுழையவும், குன்றுகளில் ஏறவும் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று கடல் கடந்து செல்வோர் நம்மவருள்ளும் பெருகி வருகின்றனர். சென்று வருவது நன்றே. ஆயினும், ஆறும் அருவியும் மலையும் மஞ்சும் ஒருங்கே அமைந்த ஒரு நிலம் நம் வீட்டு வாயிலிலேயே கிடக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இலங்கையின் நடுப்பகுதியிலே அமைந்துள்ள மாத்தளை மாவட்டமே அந்நிலம்.

இம்மாவட்டத்துக்கு வருவோர் தொகைக்குக் குறைவில்லை. காசியப்ப மன்னன் 5ஆம் நூற்றாண்டிலே அரண்மனை அமைத்த சீகிரியாக் குன்றும், புகழ்பெற்ற தம்புள்ளைக் குகைக் கோயில்களும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆனால், அவற்றைக் காண வருவோர் ஏ-9 நெடுஞ்சாலை வழியே மாத்தளை நகரைக் கடந்து விரைந்து சென்று விடுகின்றனர். நகரிலே இறங்கி, கிழக்கே திரும்பி, வானத்தை முட்டி நிற்கும் மலைகளை நோக்கி நடப்போர் ஒரு சிலரே. அந்த ஒரு சிலரோடு இன்று நாமும் நடப்போம்.

ஆற்றங்கரை நகரம்

கண்டியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலே அமைந்தது மாத்தளை நகரம். 1880ஆம் ஆண்டிலே கண்டியிலிருந்து இருப்புப்பாதை இங்கு வந்து சேர்ந்தது. அந்தக் கிளைப்பாதையின் கடைசி நிலையமும் இதுவேயாகும். நகருக்குச் சற்று வடக்கே உள்ள அலுவிகாரையிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டளவில், வலகம்பா மன்னன் காலத்திலே, அதுவரை வாய்மொழியாக வழங்கிய பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த மக்கள் போராடிய களமும் மாத்தளையே. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ ஆகியவை இங்கே தோட்டந்தோறும் செழித்து நிற்கின்றன. மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் வீதியிலே நடப்போருக்கு மண்வாசனையோடு வாசனைத் திரவியங்களின் மணமும் கலந்து வரும்.

நகரின் ஓரமாக ஓடுகிறது சுது கங்கை. சிங்கள மொழியிலே ‘சுது’ என்றால் வெண்மை. இந்த வெள்ளாறு வடக்கே சென்று அம்பன் கங்கையாகி, முடிவிலே மகாவலியுடன் கலக்கின்றது. இதன் பெருமையை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். கி.பி. 67 முதல் 111 வரை ஆண்ட வசப மன்னன் எலஹரக் கால்வாயை வெட்டுவித்தது இந்த அம்பன் கங்கையின் நீரைத் திருப்புவதற்காகவே. பிற்காலத்தில் மின்னேரிக் குளமும், பொலநறுவையின் பராக்கிரம சமுத்திரமும் நிரம்பியது இதே நீரினால்தான். மாத்தளையிலே ஒரு சிறுவன் காலை நனைத்து விளையாடும் நீர், பல நாட்களுக்குப் பின், வறண்ட வலயத்து உழவனின் நெல்வயலிலே பாய்கின்றது.

வடக்குப் பாதையிலே நடந்தவர்கள்

நடைப்பயணத்தைப் பற்றிப் பேச வந்த நாம், நம்மவர் நடந்த ஒரு நெடுவழியை நினையாமல் மேலே செல்லல் தகாது. 19ஆம் நூற்றாண்டிலே, மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து பல்லாயிரவர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மலைநாட்டுக்கு ‘வடக்குப் பாதை’ வழியே நடந்தே வந்தனர். காடும் கட்டாந்தரையுமாய்க் கிடந்த 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி அது. தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோதுதான் மலைநாட்டின் வாயிலை மிதித்தனர். பசியாலும் தாகத்தாலும், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தவர் எண்ணற்றவர். தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1914இல்தான். அதற்கு முன் வந்தவர்க்குக் கால்களே வாகனம்.

அவர்கள் நடந்ததை ‘சாகசம்’ என்று எவரும் அழைத்ததில்லை. பொழுதுபோக்குக்காகவா அவர்கள் நடந்தனர்? வயிற்றுக்காக நடந்தனர். இன்று நாம் உண்டு உடுத்து, தோளிலே பை மாட்டி, விரும்பி மலையேறுகின்றோம். இந்த வேறுபாட்டை மறவாதிருப்பது நமக்கு அழகு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே எழுந்து, இன்று 108 அடி இராசகோபுரத்தோடு விளங்கும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைக் காணும்போது, அந்த நடைவழியின் முடிவிலே கைகூப்பி நின்ற மக்களும் நம் நினைவுக்கு வருதல் வேண்டும். மலைக்குப் புறப்படுமுன் அவ்விடத்தே சிறிது நேரம் நின்று செல்வது, பக்தருக்கு வழிபாடு. மற்றவர்க்கு வரலாற்றுப் பாடம்.

மழையின்றியும் உயரும் ஆறு

இனி ஆற்றுக்கு வருவோம். ‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது நம் பாட்டிமார் சொல்லிவைத்த மொழி. சுது கங்கையைப் பொறுத்தமட்டில் ஆழத்தை மட்டும் அறிந்தாற் போதாது. அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதையும் அறிதல் வேண்டும்.

கண்டிக்கு அண்மையில் உள்ள பொல்கொல்லை என்னுமிடத்தில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே அணை கட்டி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக அந்நீரை மலைக்குள்ளே செலுத்தி, மாத்தளைக்குத் தெற்கேயுள்ள உக்குவளையிலே மின்சாரம் பிறப்பிக்கின்றனர். 1976ஆம் ஆண்டு முதல் இவ்வேற்பாடு இயங்கி வருகின்றது. சுழலிகளைச் சுழற்றி வெளியேறும் நீர் சேருவது சுது கங்கையிலேயே. எனவே, உக்குவளைக்குக் கீழே இந்த ஆறு தன் நீரோடு மகாவலியின் நீரையும் சுமந்து செல்கின்றது. மின்நிலையத்திலிருந்து விடப்படும் நீரின் அளவு கூடினால், ஆற்றின் மட்டமும் கூடும். வானம் தெளிவாயிருப்பினும், மாத்தளையில் ஒரு துளி மழை விழாதிருப்பினும், கணுக்காலளவு இருந்த நீர் இடுப்பளவு ஆகலாம். நடு ஆற்றுப் பாறையிலே அமர்ந்து கட்டுச்சோறு அவிழ்க்கும் குடும்பத்தார் இதை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

மலையருவிகளின் கீழுள்ள தடாகங்களுக்கு வேறொரு வஞ்சகம் உண்டு. மேலே நீர் கண்ணாடி போல் அசைவற்றுக் கிடக்கும். கீழே பாறைகளின் இடுக்குகளும் குடைவுகளும் வாய்திறந்து நிற்கும். விழுகின்ற நீர் கீழே சென்று சுழன்று, நீந்துவோனை மீண்டும் அருவியின் அடிக்கே இழுக்கும். பாசி படிந்த பாறையோ எண்ணெய் தடவியது போன்றது. மலைநீரின் குளிர் தசைகளை இறுக்கிவிடும். நீச்சலிலே வல்லவர் என்று பெயரெடுத்தவரும் இத்தகைய இடங்களில் உயிரிழந்துள்ளனர். ஒருவர் அமிழும்போது அவரைக் காப்பாற்றக் குதித்த மற்றொருவரும் மாண்ட செய்தியை நாளேடுகளில் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! அவ்வேளையிலே குதித்தல் வீரமன்று. கயிறோ, நீண்ட கம்போ, சேலையோ எறிந்து கரையிலிருந்து இழுத்தலே அறிவுடைமை.

லாவோஸ் கற்ற பாடம்

இதனை விளக்க ஓர் அயல்நாட்டு ஊரின் கதையைச் சொல்வோம். லாவோஸ் நாட்டிலே, வியன்றியான் நகருக்கும் லுவாங் பிரபாங் நகருக்கும் இடையே, நாம் சொங் ஆற்றங்கரையில் வாங் வியங் என்றோர் ஊர் உண்டு. சுண்ணாம்புக் கற்குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்க, அவற்றின் அடியிலே ஆறு வளைந்தோடும் எழிலைக் கண்டவர் மறக்கமாட்டார். வாகனச் சக்கரத்தின் றப்பர் டியூப்பிலே அமர்ந்து ஆற்றோடு மிதந்து செல்வது அங்கே பெரும் பொழுதுபோக்காயிற்று. அது குற்றமற்ற விளையாட்டே. ஆனால், காலப்போக்கில் ஆற்றின் இருமருங்கும் மதுக்கடைகள் முளைத்தன. உயரத்திலிருந்து ஆற்றிற் குதிக்கக் கயிற்றூஞ்சல்கள் கட்டப்பட்டன. குடித்து மயங்கிய இளைஞர், ஆழமறியாத நீரிலே பாய்ந்தனர். 2011ஆம் ஆண்டில் மட்டும் 20க்கு மேற்பட்ட பயணிகள் அங்கே உயிரிழந்தனர்.

2012இல் லாவோஸ் அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஆற்றங்கரை மதுக்கடைகள் பல மூடப்பட்டன, ஊஞ்சல்கள் அகற்றப்பட்டன. அதன் பின்னர் படகோட்டம், குகை காணல், பாறையேற்றம் ஆகியவற்றை நாடி வருவோரின் ஊராக அது மாறத் தொடங்கியது. ஆறும் குன்றும் முன்பு இருந்தவையே. அவற்றை அணுகும் முறைதான் மாறிற்று. நம் மாத்தளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்? அவ்வூரார் உயிர்களைக் கொடுத்துக் கற்றதை, நாம் செவியாற் கேட்டே கற்றுக்கொள்ளலாமன்றோ!

மஞ்சு தவழும் மலை

இப்பொழுது கிழக்கு நோக்கி ஏறுவோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வீதி தேயிலைக்கும் மிளகுக்கொடிக்கும் இடையே வளைந்து வளைந்து செல்கின்றது. இரத்தோட்டைக்கு அண்மையிலே பம்பரகிரி நீர்வீழ்ச்சி. அதன் குறுக்கே ஆடும் தொங்குபாலத்தில் நின்று பார்த்தால், பாறைகளினூடே வெள்ளிக் கம்பிகளாய் இறங்கும் நீரும், அதன் கீழே கரும்பச்சைத் தடாகமும் தோன்றும். பார்த்து மகிழ ஏற்ற இடம். குதித்து விளையாட ஏற்ற இடமன்று.

அதற்கு மேல் வீதி குறுகி, கொண்டை ஊசி போல் திரும்பித் திரும்பி ஏறுகின்றது. மாத்தளையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் சென்றதும் றிவர்ஸ்டன் கணவாய் வந்து சேரும். அருகேயுள்ள றிவர்ஸ்டன் முகடு 1400 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையது. மாத்தளை நகரம் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலே உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை குறையும் என்பது பூகோள ஆசிரியர் வகுப்பறையில் கற்பிப்பது. அதனை மாணவர்கள் தம் தோலினாலேயே உணர்ந்து கற்கலாம். காலையிலே நகரத்தில் வியர்த்தவர், பத்து மணிக்கு மலைமேல் போர்வை தேடுவர்!

இம்மலைத்தொடரைச் சிங்கள மக்கள் ‘தும்பர’ என்பர். மஞ்சு மூடியது என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆங்கிலேய நில அளவையாளரோ, தூரத்திலிருந்து பார்த்தபோது மடக்கிய கைமுட்டியின் கணுக்கள் போல் தோன்றியதால் ‘நக்கிள்ஸ்’ என்று பெயரிட்டனர். மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இத்தொடரின் அதியுயர் சிகரமாகிய கொம்பானியா 1906 மீற்றர் உயரமுடையது.

றிவர்ஸ்டனிலே காணவேண்டிய அற்புதம் ஒன்றுண்டு. கணவாய்க்கு மேற்கே ஈரம் சொட்டும் காடு. பாசியும் பன்னமும் போர்த்த மரங்கள். முகட்டை நெருங்க நெருங்க மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். ஓயாது வீசும் காற்றின் அடி தாங்காமல், முதிர்ந்த மரங்களும் கூன் விழுந்து, ஆள் உயரத்துக்குமேல் வளராது நிற்கும். கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினாலோ, சில கிலோமீற்றருக்குள் காடு மறைந்து புல்வெளி விரிகின்றது, வானமும் வெளுக்கின்றது. ஈரவலயத்திலிருந்து வறண்ட வலயத்துக்கு ஒரு காலை வேளையிலேயே நடந்து செல்லக்கூடிய இடங்கள் நம் நாட்டிலே மிகச் சிலவே.

கிழக்குச் சரிவிலே உள்ளது பிட்டவல பத்தனை. ‘பத்தனை’ என்பது மலைநாட்டுப் புல்வெளி. பரந்த பாறைத்தட்டின்மேல் மண் மெல்லிய போர்வையாகவே படிந்திருப்பதால், இங்கே மரங்கள் வேரூன்ற முடிவதில்லை. வெறும் புல்லும் கல்லுந்தானே என்று அலட்சியமாக நடப்பவர், தம் காலடியில் ஓர் உலகம் வாழ்வதை அறியார். தட்டையான உடலோடு பாறை இடுக்குகளில் ஒட்டி வாழும் ஒருவகைப் பாறைத்தவளை, இந்த மலைத்தொடரையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. மூக்கின் நுனியில் இலை போன்ற உறுப்புடைய ஓணான் ஒன்றும் இம்மலைகளுக்கே உரியது. 2006ஆம் ஆண்டில்கூட, ஒரு குள்ள ஓணான் புதிய இனமாக இனங்காணப்பட்டு, தும்பர மலையின் பெயரையே பெற்றது. ஒரு கல்லைப் புரட்டி எறியும் குறும்புக்காரச் சிறுவன், உலகிலேயே அரிய ஓர் உயிரின் வீட்டை இடித்துவிடக்கூடும்.

பத்தனையின் விளிம்பிலே ‘சிற்றுலக முடிவு’ என வழங்கும் செங்குத்துச் சரிவு இருக்கின்றது. ஓர்ட்டன் சமவெளியிலுள்ள உலக முடிவின் தங்கை போன்றது. அங்கே நிற்கையில் கீழே பள்ளத்தாக்கு ஊர்களின் வயல்கள் பச்சைப் பாய் விரித்தாற்போல் தோன்றும். மறுகணமே மஞ்சு எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். எது தரை, எது வெளி என்று பிரித்தறிய முடியாது. ஒளிப்படம் எடுப்பதற்காக ஓரடி பின்வைப்பவர் இதனை நினைவிற் கொள்வாராக. மேலும் கிழக்கே சென்றால் சேர எல்ல நீர்வீழ்ச்சி. பாறைக் குடைவினுள்ளே நின்று, நம் முன்னால் திரைபோல் விழும் நீரின் வழியே வெளியுலகைக் காணலாம். மழை பெருகிய நாட்களில் அந்தப் பக்கம் போகாதிருத்தலே நலம்.

காடு யாருக்காக?

கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்திலே, இம்மலைகள் எவ்வாறு தப்பின? 1873ஆம் ஆண்டிலேயே, தாவரவியல் அறிஞர் யோசப் ஊக்கர் கூறிய ஆலோசனையையொட்டி, 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டலாகாது என்று ஒதுக்கி வைத்தனர். உச்சிக் காடு அழிந்தால் ஊற்றுக்கண் அடையும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பின்னாளிலே மர நிழலில் ஏலம் பயிரிடப்பட்டது. வெளிப்பார்வைக்குக் காடு காடாகவே தோன்றினும், ஏலத்துக்காகக் கீழ்ச்செடிகள் வெட்டப்பட்டதால் இளமரக் கன்றுகள் தலையெடுக்க முடியவில்லை. முதுமரங்கள் வீழ்ந்தால் அவற்றின் இடத்தை நிரப்ப வாரிசு இல்லாத நிலை! 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 17,500 ஹெக்டேயர் நிலப்பரப்பு பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஓர்ட்டன் சமவெளியோடும் சேர்த்து, ‘இலங்கையின் மத்திய மலைநாடு’ என்ற பெயரால் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

இக்காட்டின் பஞ்சு போன்ற பாசியும் சருகும் மஞ்சிலிருந்தும் மழையிலிருந்தும் நீரை உறிஞ்சி, வறட்சிக் காலத்திலே துளித்துளியாக ஓடைகளுக்கு ஈந்து வருகின்றன. அவ்வோடைகளே அம்பன் கங்கையையும் மகாவலியையும் வளர்க்கின்றன. காட்டிலே எறியும் ஒரு பிளாஸ்ரிக் போத்தலும் அதே வழியைத்தான் பின்பற்றும்.

புறப்படுமுன்

மலை எத்துணை அழகியதோ, அத்துணை கடுமையானதும் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியபோது, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டிலே வெள்ளமும் மண்சரிவும் ஊர்களையும் வீதிகளையும் அழித்தன. மாத்தளை மாவட்டமும் அத்துயரிலே பங்குகொண்டது. ஆகவே, பழைய பயணக் குறிப்பையோ நண்பர் எடுத்த படத்தையோ நம்பிப் புறப்படாது, வீதி திறந்திருக்கின்றதா, பாதை உறுதியாயுள்ளதா என்று அவ்வூராரிடம் கேட்டறிதல் முதற் கடமை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளிலே, வீட்டிலிருந்து கரம் விளையாடுவதே சிறந்த சாகசம்!

காட்டுக்குள்ளே செல்ல விரும்புவோர் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும், வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவென்று கருதுவோர் உளர். அவ்வூரிலே பிறந்து வளர்ந்த இளைஞன் எந்த ஓடை எப்போது பெருகும் என்பதையும், எந்தச் சுவடு யானையினது என்பதையும் அறிவான். நம் கூலி அவனுக்கு ஒரு பிழைப்பு. அவன் அறிவு நமக்கு ஓர் உயிர்க்காப்பு. காட்டை வெட்டி வாழ்வதினும் காட்டைக் காட்டி வாழ்வது மேலென்று அவ்வூரின் இளந்தலைமுறை கண்டுகொண்டால், அதைவிட உறுதியான வேலி இம்மலைக்கு வேறில்லை.

விடியற்காலையிலே நடக்கத் தொடங்குதல் நன்று. எவ்வளவு தூரம் சென்றிருப்பினும், பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிடுதல் வேண்டும். மஞ்சு மூடியதும் வழி தெரியாது. இருட்டியதும் வழிகாட்டியும் தடுமாறுவான். பல இடங்களில் கைத்தொலைபேசி இயங்காது. ஆகையால், போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்க. வழி தவறினால் அங்குமிங்கும் ஓடாது ஓரிடத்திலேயே தங்கியிருத்தல் நலம். அவசர வேளைக்குப் பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, நோயாளர் வண்டிச் சேவை 1990 ஆகிய எண்களைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருத்தல் வேண்டும்.

ஈரக்காட்டிலே அட்டைகள் நம்மை வரவேற்கக் காத்திருக்கும். தோட்டத்துப் பெண்களுக்கு இது அன்றாடத் தொல்லை. நீண்ட காலுறையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் அட்டை எளிதில் ஏறாது. கடித்துவிட்டால் பதறிப் பிய்த்தெடுக்காமல், நகத்தால் மெல்ல நெம்பி அகற்றிக் காயத்தைக் கழுவினாற் போதும். அட்டைக்கு அஞ்சி அழும் பிள்ளைக்கு, “நாள்தோறும் அட்டைக்கடி பட்டுக்கொண்டே உன் தேநீருக்குக் கொழுந்து பறிப்பவர்கள் இருக்கின்றார்கள், கண்ணே!” என்று சொல்லிப் பாருங்கள். அழுகை நிற்கலாம், சிந்தனையும் பிறக்கலாம்.

எது சாகசம்?

உச்சியை எட்டியவனே வென்றவன் என்று எண்ணுவது இளமையின் இயல்பு. மலைவாழ் மக்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வர். மேகம் கறுத்தபோது திரும்பியவன், ஓடை கலங்கியபோது நின்றவன், களைத்த தோழனுக்காக நடையைத் தளர்த்தியவன் – இவர்களையே அவர்கள் மதிப்பர். மலையோடு போட்டியிட்டு வென்றவர் எவருமில்லை. மலை இடங்கொடுத்த அளவுக்கு ஏறி, அதன் எழிலைக் கண்டு, இறங்கி வந்தவரே பலர். துணிவு என்பது ஆபத்தை அறியாமை அன்று; அறிந்து அளந்து அடியெடுத்து வைத்தலாகும். பணிவு அதன் பகையன்று, துணையேயாகும்.

பெற்றோர்களே, பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். ஆறும் மலையும் அவர்களுக்கு உரியனவே. ஆனால், அவர்களைத் தனியே விட்டுவிடாமல் நீங்களும் உடன் நடந்து, எங்கே கால் வைப்பது, எங்கே நிற்பது என்று காட்டிக்கொடுங்கள். மாணவர்களே, வரும் விடுமுறையில் சீகிரியாவுக்குச் செல்லும் வழியில் மாத்தளையிலே ஒருநாள் தங்குங்கள். வடக்குப் பாதையிலே நடந்து வந்த நம் முன்னோருக்கு இம்மலைகள் உழைப்பைத்தான் காட்டின. நின்று பார்க்க ஓய்வு தரவில்லை. அவர்கள் காணாத காட்சியை அவர்களுக்காகவும் கண்டு வாருங்கள். கொண்டு சென்றதையெல்லாம் திரும்பக் கொண்டு வாருங்கள். உங்களையும் பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.